பட்டா எண் 1

1868 ஜனவரி 20 அன்று, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக் என்ற இருவர் ஒரு சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டேனியல் ஃப்ரீமேன் என்ற விவசாயியை ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தங்களுக்குத் தெரியும், அவர் இந்த நிலத்தில்தான் குடியிருக்கிறார், இங்கே இன்னின்ன செய்திருக்கிறார் என்று சத்தியம் செய்து சொன்ன பத்திரம் அது.

வீடு 14க்கு 20 அடி. பாதி மரத்தடிகளை அடுக்கியது, பாதி பலகை அடித்தது. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மரச்சில்லு வேய்ந்த கூரை, பலகைத் தரை. குடியிருக்க வசதியான வீடுதான் என்று சாட்சிகள் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். உழுது, வேலி போட்டு, பயிர் செய்த நிலம் சுமார் 35 ஏக்கர். ஒரு லாயம், 100 அடி நீளத்தில் ஓர் ஆட்டுக்கொட்டகை, மக்காச்சோளம் சேர்த்து வைக்க ஒரு குதிர். நட்டு வைத்த மரங்கள்: ஆப்பிள் 40, பீச் ஏறத்தாழ 400.

அரசாங்கத்துக்கு இந்த விவரம் எல்லாம் தேவைப்பட்டது. ஏனென்றால் நிலம் அதனுடையது. ஃப்ரீமேன் பெயருக்கு அதை எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கதவும் ஜன்னலும் பீச் மரமும்தான் தீர்மானிக்கும். 1869 செப்டம்பர் 1-ஆம் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழில் இருந்த எண் 1. அந்த ஒற்றை இலக்கம்தான் பின்னாளில் ஃப்ரீமேனை நாட்டின் முதல் இலவச நில விவசாயி ஆக்கியது.

சட்டத்தின் பெயர் ஹோம்ஸ்டெட் சட்டம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு மசோதாவை அப்போதைய அதிபர் புக்கானன் தடுத்து நிறுத்தியிருந்தார். சிறு விவசாயிகள் மேற்கே பரவினால் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தும் தங்கள் முறைக்கு அங்கே இடமிருக்காது என்று தென் மாநிலத்து முதலாளிகள் பயந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநிலங்கள் பிரிந்து போனதும் எதிர்க்க ஆளில்லை, சட்டம் நிறைவேறியது.

நிபந்தனைகள் எளிமையாகத்தான் தெரிந்தன. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிமகன் ஆகப்போவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து வருஷம் குடியிருந்து நிலத்தைத் திருத்தினால் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே மனுப்போடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 ஜனவரி 1. முந்தின நாள் ராத்திரி பிரௌன்வில் என்ற சின்ன ஊரில் புத்தாண்டுக் கொண்டாட்டம். தான் வடக்குப் படையில் இருப்பதாகவும், விடுப்பு முடிகிறது, விடியுமுன் கிளம்பியாக வேண்டும் என்றும் ஃப்ரீமேன் நில அலுவலக எழுத்தரிடம் மன்றாடினாராம். எழுத்தரும் மனமிரங்கி, நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறந்து மனுவைப் பதிந்து கொண்டாராம். 'ஆம்' போட்டுத்தான் இதைச் சொல்ல முடிகிறது. இந்தக் கதையைச் சலிக்காமல் சொல்லி வந்தவர் ஃப்ரீமேன்தான்.

அன்றைக்கு நாடு முழுக்க மனுப்போட்டவர்கள் 418 பேர். டகோட்டாவில் வெர்மிலியன் என்ற ஊரில் மாலன் கோர் என்பவரும் நள்ளிரவிலேயே பதிந்ததாகச் சொல்லிக் கொண்டார். எண் 1 என்பதற்கும் பெரிய மகிமை கிடையாது. ஒவ்வொரு நில அலுவலகமும் தன் பதிவேட்டை ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. முதல் ஆள் யார் என்ற கேள்வியில் இதற்கு மேல் மண்டையை உடைத்துக் கொள்ள ஒன்றுமில்லை. ஃப்ரீமேன் தன் கதையை நன்றாகச் சொன்னார், ஊரும் நம்ப விரும்பியது.

அவர் எந்த நிலத்தைக் கேட்டார் என்பதில்தான் விவசாயி தெரிகிறார்.

அமெரிக்க அரசு மேற்கு நிலங்களை மேடு பள்ளம் பார்க்காமல் சதுரம் சதுரமாக அளந்து போட்டிருந்தது. ஒரு சதுர மைலில் கால் பாகம் 160 ஏக்கர். அவசரக்காரர்கள் அந்தச் சதுரத்தை அப்படியே கேட்டு வாங்கினார்கள். ஃப்ரீமேனோ 40 ஏக்கர் துண்டுகள் நான்கைத் தேர்ந்தெடுத்தார்: மூன்று துண்டுகள் வரிசையாக, நடுத்துண்டின் தலைமேல் நான்காவது. கப் கிரீக் என்ற ஓடையும் அதன் கரையிலுள்ள மரங்களும் தன் எல்லைக்குள் வரும்படி வளைத்த வளைப்பு அது. மரமே அபூர்வமான புல்வெளியில் தண்ணீரும் விறகும் வீடு கட்டத் தடியும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஓஹையோவில் பிறந்து, இல்லினாயில் வளர்ந்து, மருத்துவமும் படித்தவர் அவர். நிலம் பார்க்கத் தெரிந்திருந்தது.

அப்படியிருந்தும் ஐந்து வருஷத்தில் உழ முடிந்தது 35 ஏக்கர்தான். அந்தப் புல்வெளி மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகப் படும். ஆள் உயரம் வளரும் புல்லின் வேர் ஆளைவிட ஆழமாக இறங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் கலப்பையே பார்க்காத மண். வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக் கொண்டு நகர விடாது. 1837-ல் ஜான் டியர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கொழு செய்த பிறகுதான் மண் வழுக்கி விழ ஆரம்பித்தது. அப்போதும் முதல் உழவுக்குப் பல ஜோடி எருதுகள் வேண்டும். முதல் வருஷம் உழுத நிலம் கட்டியாகவே கிடக்கும். விவசாயி கோடரியால் ஒரு வெட்டு வெட்டி, பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டு, குதிகாலால் மிதித்து மூடிவிட்டு அடுத்த வெட்டுக்குப் போவான். விளைந்தால் அதிர்ஷ்டம்.

இந்த நிலம் காலியாகக் கிடந்ததா என்றால், இல்லை. நெப்ராஸ்காவின் தென்கிழக்கு ஓட்டோ-மிசூரியா மக்களின் வேட்டைக்காடு, விளைநிலம். 1854 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் பெரும் பகுதியை விட்டுக் கொடுத்தார்கள். பிக் புளூ ஆற்றங்கரையில் 10 மைல் அகலமும் 25 மைல் நீளமும் உள்ள ஒரு பட்டை மிஞ்சியது. குடியேறிகள் பெருகப் பெருக அதையும் கேட்டார்கள். 1881-ல் அந்த மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். ஃப்ரீமேன் பீச் தோட்டம் போட்ட இடத்திலிருந்து அந்தப் பட்டை வெகு தூரமில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போலத்தான் வாஷிங்டன் நிலத்தை வாரி வழங்கியது. ஃப்ரீமேன் உழைப்பாளி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் இலவச நிலம் என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டியதில்லை.

குடிமகன் ஆகத் தகுதியுள்ளவருக்கே நிலம் என்ற வரியும் பலரை வெளியே நிறுத்தியது. விடுதலையான கறுப்பின மக்களுக்கு 1868-ல் வந்த அரசியல் சட்டத் திருத்தம் குடியுரிமை தந்தது. 1877-ல் கன்சாஸில் அவர்கள் நிக்கோடமஸ் என்ற ஊரையே நிறுவினார்கள். சீனர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. நம்மவருக்கும் அதே கதைதான்: இந்தியர்கள் சட்டம் சொல்லும் வெள்ளையர் ஆகமாட்டார்கள், குடியுரிமை கிடையாது என்று 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாட்சிப் பத்திரத்தின் 35 ஏக்கரையும் ஆட்டுக்கொட்டகையையும் ஃப்ரீமேன் கணக்கில் மட்டும் எழுதுவது அநியாயம். அயோவா மாநிலத்தின் லெ கிளேர் ஊரைச் சேர்ந்த ஆக்னஸ் சூட்டர் முதலில் ஃப்ரீமேனின் சகோதரருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். அந்தச் சகோதரர் போர்க்காலத்தில் இறந்துவிட, ஃப்ரீமேன் ஆக்னஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். கடிதத்திலேயே பேசி முடித்து 1865 பிப்ரவரியில் கல்யாணம். ஆக்னஸ் வந்து சேர்ந்த இடம் அந்த 280 சதுர அடி வீடு. சமையல், பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, சோப்புக் காய்ச்சுவது, மெழுகுவத்தி வார்ப்பது, பிள்ளைப்பேறு: புல்வெளிப் பண்ணையில் பெண்ணின் நாள் இப்படித்தான் போனது. சான்றிதழில் பெயர் ஒருவருடையது, உழைத்தது குடும்பம்.

ஓடையும் மரமும் வாய்த்த ஃப்ரீமேன்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு மேற்கே போனவர்களுக்குத் தடி வீடு கட்ட மரமே இல்லை; மண்ணையே அறுத்து எடுத்தார்கள். ஒரு தனிவகைக் கலப்பை புல்லோடும் வேரோடும் மண்ணைப் பாளமாக உரிக்கும். ஓர் அடி அகலம், மூன்றடி நீளம், நான்கு அங்குலக் கனத்தில் வெட்டி, புல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்று அடி தடிமன். நெப்ராஸ்கா சலவைக்கல் என்று அந்தப் பாளத்துக்குக் கிண்டலாக ஒரு பெயர். வெயிலில் குளிர்ச்சி, பனியில் கதகதப்பு, காசும் அதிகம் ஆகாது. ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை நின்ற பிறகும் ஒழுகும். மேலிருந்து மண்ணும் பூச்சியும் சில நேரம் பாம்பும் விழும் என்பதால் உட்கூரைக்குத் துணி கட்டியிருப்பார்கள். அடுப்பெரிக்கக் காட்டெருமையின் வரட்டி, அது தீர்ந்ததும் மாட்டு வரட்டி, அதுவும் இல்லாவிட்டால் முறுக்கிய வைக்கோல்.

சாலமன் புச்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் கஸ்டர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் இந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தார். விவசாயத்தில் தோற்றுப் போனவர் அவர், படத்தில் தோற்கவில்லை. அதில் ஒரு படத்தில் வீட்டையே காணோம். தொழுவத்தருகே, கால்நடைகளுக்கு நடுவே, மிதித்துக் காற்றூதும் ஓர் ஆர்கன் பெட்டி நிற்கிறது. சுற்றிலும் நல்ல உடுப்பில் குடும்பம். மண்வீட்டில் இருக்கிறோம் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாம், ஆர்கன் வாங்கியிருப்பது மட்டும் தெரிய வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் ஆசை. படம் எடுக்க அவ்வளவு கனமான பெட்டியை வெளியே தூக்கி வந்து, பிறகு உள்ளே தூக்கிப் போயிருக்கிறார்கள். புல்வெளி வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ தடித்த புத்தகங்கள் உண்டு. இந்த ஒரு படத்தில் இருக்கும் மானமும் ஏக்கமும் அவற்றில் சுலபமாக அகப்படாது.

1874 ஜூலை மாதம் வெட்டுக்கிளி வந்தது. வெயில் மங்கி, மேகம் போல ஒன்று இறங்கியது; அதற்கு உயிர் இருந்தது. மக்காச்சோளத்தைத் தண்டு வரை தின்றன. வெங்காயத்தை மண்ணுக்குள் இறங்கித் தின்றுவிட்டுக் குழியை மட்டும் விட்டன. பயிரைக் காப்பாற்றப் போர்த்திய போர்வையையே கடித்தன. வியர்வை உப்பு ஊறிய கலப்பைக் கைப்பிடியையும் விட்டு வைக்கவில்லை. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளால் ரயில் சக்கரம் வழுக்கியது. நிவாரணத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1,50,000 டாலர் ஒதுக்கியது. ராணுவம் தன் கோட்டுகளையும் பூட்ஸ்களையும் கொண்டு வந்து கொடுத்தது. 1877-ல் நெப்ராஸ்கா ஒரு சட்டமே போட்டது: 16 வயதிலிருந்து 60 வயது வரை திடகாத்திரமான ஆண்கள் வெட்டுக்கிளியை ஒழிக்க ஆளுக்கு இரண்டு நாள் வேலை செய்தாக வேண்டும், தவறினால் அபராதம்.

அந்த இனம் பிறகு பூண்டோடு அழிந்தது. கடைசியாக உயிருடன் பிடிபட்டது 1902-ல். சட்டத்தாலோ அபராதத்தாலோ அல்ல. ராக்கி மலையின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அது முட்டையிடும் இடங்களை விவசாயிகள் உழுது விட்டார்கள் என்பதே பூச்சியியல் அறிஞர்கள் சொல்லும் முக்கியக் காரணம். தாங்கள் யாரை ஜெயிக்கிறோம் என்று தெரியாமலேயே ஜெயித்திருக்கிறார்கள்.

1888 ஜனவரி 12 அன்று காலை இதமாக இருந்தது. பிள்ளைகள் கனத்த உடுப்பில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி விடும் நேரத்துக்குப் பனிப்புயல் அடித்தது. கையை நீட்டினால் கை தெரியாது. சமவெளி மாநிலங்களில் சுமார் 235 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிப் பிள்ளைகள். மீரா பள்ளத்தாக்கில் ஓர் இளம் ஆசிரியை மட்டும் கூரை பறந்த பள்ளியிலிருந்து தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பண்ணை வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் மின்னி ஃப்ரீமேன். நம் ஃப்ரீமேனுக்கு உறவில்லை, பெயர்தான் ஒன்று.

இத்தனைக்கும் நடுவில் அடுத்தவர் தயவு இல்லாமல் எவரும் தாக்குப்பிடித்ததில்லை. தனி மனிதன் துப்பாக்கியும் கலப்பையுமாக வனாந்தரத்தை வென்றான் என்று சினிமா காட்டுவது அரைகுறை. கதிரடிக்கும் எந்திரம் ஊருக்கு ஒன்றுதான் வரும். இன்று ஒரு பண்ணை, நாளை அடுத்தது என்று எல்லா வீட்டு ஆண்களும் சேர்ந்து வேலை பார்ப்பார்கள், அந்தந்த வீட்டுப் பெண்கள் இருபது பேருக்குச் சமைத்துப் போடுவார்கள். கூரை போட, கிணறு வெட்ட, பிரசவம் பார்க்க, பிணம் தூக்க, எல்லாவற்றுக்கும் அக்கம்பக்கம்தான். பட்டாவுக்கே இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே.

சாட்சி என்றதும் பொய்ச்சாட்சியும் வந்துவிட்டது. 12க்கு 14 வீடு இருக்க வேண்டும் என்று விதியாம். அடியா அங்குலமா என்று சொல்லவில்லை என்று பொம்மை வீடு ஒன்றை வைத்து சத்தியம் செய்தவர்கள் உண்டு என்பார்கள். சக்கரம் வைத்த வீட்டை நிலத்துக்கு நிலம் உருட்டிப் போனதாகவும் கதை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சேர்ந்த நிலம் பெரும்பாலும் மாட்டுப் பண்ணை முதலாளிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் போனது.

இதைவிடப் பெரிய பொய்யைப் படித்தவர்கள் சொன்னார்கள். உழுதால் மழை வரும், கலப்பைக்குப் பின்னால் மழை நடக்கும் என்று சார்லஸ் டேனா வில்பர் எழுதினார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி அதற்கு அறிவியல் மெருகு பூசினார். நிலம் விற்க வேண்டிய ரயில் கம்பெனிகளுக்கு இது தேனாக இனித்தது. 1880-களில் மழையும் தற்செயலாக நன்றாகப் பெய்தது. மேற்கு நிலங்களை ஆய்வு செய்த ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே எச்சரித்திருந்தார்: இன்ன கோட்டுக்கு மேற்கே வருஷ மழை 20 அங்குலம்கூட இல்லை, அங்கே 160 ஏக்கர் எந்த மூலைக்கும் போதாது, ஒரு மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று. கேட்பார் இல்லை. 1890-லும் 1894-லும் வானம் பொய்த்தபோது வானம் பார்த்த பூமியில் கடன் வாங்கியிருந்தவர்கள் வண்டியைத் திருப்பிக் கொண்டு கிழக்கே போனார்கள். 1904-ல்தான் நெப்ராஸ்காவின் வறண்ட 37 மாவட்டங்களுக்கு மட்டும் வரம்பை 640 ஏக்கராக உயர்த்தினார்கள்.

ஃப்ரீமேன் போகவில்லை. நிலத்தைப் பெருக்கினார், ஊரில் செல்வாக்கானார், வயதானபோது வம்புக்கும் இழுத்தார். பக்கத்து ஒற்றையறைப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பாட்டும் பாட வைக்கிறார் என்று 1899-ல் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டார். நிர்வாகம் மசியவில்லை. வழக்குப் போட்டார், கீழ்க்கோர்ட்டில் தோற்றார். 1902-ல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: அரசுப் பள்ளியில் ஒரு மதத்தின் வழிபாட்டை நடத்தக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்துக்கு வந்து சேர இன்னும் 60 வருஷம் ஆனது. என் கணக்கில், நள்ளிரவு மனுவைவிட ஃப்ரீமேன் முன்னோடி என்ற பெயருக்குத் தகுதியானது இந்த வழக்கால்தான். 70 வயதைத் தாண்டிய பிறகு, ஊரைப் பகைத்துக்கொண்டு, தனக்கு ஒரு ஏக்கர்கூடக் கிடைக்காத காரியத்துக்குக் கோர்ட் ஏறியிருக்கிறார்.

அவர் 1908 டிசம்பர் 30 அன்று இறந்தார். ஆக்னஸ் 1931 வரை இருந்தார். இருவரும் அந்த நிலத்திலேயே புதைக்கப்பட்டார்கள். 1936-ல் அரசு அந்த 160 ஏக்கரைத் தேசிய நினைவிடம் ஆக்கியது. நினைவிடம் ஆனதும் அங்கே செய்த முக்கியமான வேலை, 1939-ல் தொடங்கி, ஃப்ரீமேன் குடும்பம் உழுத மண்ணில் மறுபடியும் பழைய புல்லை விதைத்து வளர்த்தது. இன்று சுமார் 100 ஏக்கர் புல்வெளி.

ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் மொத்தம் 16 லட்சம் பேருக்கு மேல் பட்டா வாங்கினார்கள். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மனுப்போட்டுவிட்டு இடையில் கைவிட்டவர்கள் வாங்கியவர்களைவிட அதிகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1976-ல் சட்டம் ரத்தானது, அலாஸ்காவுக்கு மட்டும் பத்து வருஷம் விலக்கு. வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவர் அங்கே ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கரைத் திருத்தி 1988-ல் பட்டா பெற்றார். அதுதான் கடைசிப் பட்டா.